ஊசி, நூல், ஒரு ஸ்டீல் ரூல்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பேரவை அண்ணன் வகுப்புக்கு வந்தபோது, "கவிதை நிறைய வந்துடுச்சு தம்பி, உனக்குத் தெரிஞ்ச விஷயம் ஏதாவது எழுது" என்றார். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று மெக்கானிக்கல். அதை என்னைவிட நன்றாக எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். இன்னொன்று, ஒட்டுத்துணியில் போர்வை தைப்பது. சிரிக்காதீர்கள்! கடைசி வரைக்கும் படித்துவிட்டு, அப்புறமும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

எங்கள் வீடு தட்டாஞ்சாவடியில், தொழிற்பேட்டைக்குப் பின்னால். தாத்தா ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். ரோடியர் மில் என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது, ஏ.எஃப்.டி. என்றால் தெரியும். 1898-ல் ஆரம்பித்து, 2020-ல் மூடப்பட்டதே, அதே மில்தான். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். அம்மா ஒரு தையல் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் டிப்ளமோ சேர்ந்த அன்று, என்ன படிப்பு என்று தெரியாமலே ஆயா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார்.

எங்கள் வீட்டுக்குப் போர்வை வந்த கதையைச் சொல்ல வேண்டும் என்றால் புயலில் இருந்துதான் தொடங்க வேண்டும். 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கமாகக் கரையைக் கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை! விடியற்காலை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. தரையில் விரித்திருந்த பஞ்சு மெத்தை தண்ணீரைக் குடித்துவிட்டு யானைக்குட்டி மாதிரி கிடந்தது. அப்பாவும் நானும் சேர்ந்துகூட அதைத் தூக்க முடியவில்லை. நாலு நாள் காயப் போட்டோம். காயவில்லை, நாற்றம்தான் வந்தது. கடைசியில் தூக்கிப் போட்டோம்.

ஆனால் ஆயா தைத்து வைத்திருந்த பழஞ்சேலை விரிப்பு ஒன்று இருந்தது. அதுவும்தான் நனைந்தது. ஆயா அதை அலசிப் பிழிந்து கொடியில் போட்டார். வெயில் வந்த முதல் நாளே காய்ந்துவிட்டது! அன்றுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துணி அடுக்கில் காற்று புகுந்து வெளியே போகும், அதனால் சீக்கிரம் காயும். கடலோர ஊர்க்காரர்களுக்குப் பஞ்சு மெத்தையைவிடத் துணி அடுக்குதான் தோது.

மெத்தை வாங்கக் காசு இல்லை. அந்த டிசம்பர் மாதம் முழுக்க அம்மா கம்பெனியில் சொல்லிவிட்டு, குப்பைக்குப் போகிற வெட்டுத்துணிகளைப் பையில் கொண்டு வந்தார். ராத்திரி சமையல் முடிந்ததும் அம்மாவும் ஆயாவும் லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து தைத்தார்கள். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு, கோட்டுக்குப் பக்கத்தில் கட்டம், பூவுக்குப் பக்கத்தில் புள்ளி. இப்படி மூன்று போர்வை.

இனி சொல்லப் போவது எனக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல. ஆனால் இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

பொங்கல் முடிந்த வாரம், கூடப் படிக்கிற நண்பன் ஒருவன் ரெக்கார்டு நோட்டு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தான். திண்டிவனத்துப் பக்கம் ஊர், இங்கே ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறவன். வாசலில் கொடியில் அந்தப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. "இது என்னடா மச்சான், கலர் கலரா?" என்று கேட்டான். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "அதுவா? மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணிடா. கம்பெனிக்குப் போகும்" என்று சொல்லிவிட்டேன். நம் ஒர்க்‌ஷாப்பில் லேத்தைத் துடைக்கக் காட்டன் வேஸ்ட் கொடுப்பார்களே, அதுதான் வாயில் வந்தது.

திரும்பிப் பார்த்தால் கதவோரம் அம்மா நிற்கிறார். கையில் அவனுக்குக் கொண்டு வந்த டீ. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டீயை அவன் கையில் கொடுத்து, "குடி கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று ராத்திரி அம்மா ஊசியை எடுக்கவே இல்லை.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஆயா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஆயா, எனக்கும் சொல்லிக் குடு" என்றேன். ஆயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊசியில நூல் கோத்துக் குடு மொதல்ல. எனக்குக் கண்ணு தெரியல" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது என் படிப்பு.

நண்பர்களே, இனி விஷயத்துக்கு வருகிறேன். போர்வை தைக்க என்னென்ன கருவி வேண்டும்? வெளிநாடுகளில் இதற்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. பீட்சா வெட்டுகிற சக்கரம் மாதிரி ஒரு உருட்டுக் கத்தி, அதற்கு அடியில் வைக்க ஒரு ரப்பர் பாய், கட்டம் போட்ட கண்ணாடி மாதிரி ஒரு ஸ்கேல், துணியை இழுத்துப் பிடிக்க வட்டச் சட்டம் என்று பட்டியல் நீளும்.  அதெல்லாம் வேண்டவே வேண்டாம். வேண்டிய சாமானில் பாதி, உங்கள் டிராயிங் பையிலேயே இருக்கிறது!

முதலில் ஊசி. ஒரு பாக்கெட்டில் பல அளவு இருக்கும். கையூசியில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். நாம் படிக்கிற கம்பி கேஜ் மாதிரியேதான்! ஆனால் தையல் மெஷின் ஊசியில் இது தலைகீழ். அங்கே 14-ஐவிட 16 தடிமன். இது தெரியாமல் கடையில் நின்று திருதிருவென்று விழித்தவன் நான். அடுக்கைக் குத்தி ஓட்ட, குட்டையாகவும் உறுதியாகவும் உள்ள ஊசி போதும். நீள ஊசி வளையும்.

அடுத்தது நூல். துணி பருத்தி என்றால் நூலும் பருத்தி. ஆயாவின் கட்டளை ஒன்று உண்டு: "ஒரு மொழத்துக்கு மேல நூல் எடுக்காத. சோம்பேறிதான் நீள நூல் கோப்பான்." ஆயாவின் முழத்தை ஸ்டீல் ரூல் வைத்து அளந்து பார்த்தேன், சரியாகப் பதினெட்டு அங்குலம்! நூல் நீளமானால் ஒவ்வொரு குத்துக்கும் துணியில் உரசி உரசித் தேயும், சிக்கும் விழும். ஆயாவுக்கு உராய்வு என்ற வார்த்தை தெரியாது. ஆனால் விஷயம் தெரியும்.

மூன்றாவது கத்தரிக்கோல். புதிது வாங்கவில்லை. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய டைலர் கத்தரி ஒன்று அறுபது ரூபாய்க்குக் கிடைத்தது. தெருவில் வருகிற சாணை பிடிப்பவரிடம் முப்பது ரூபாய் கொடுத்துத் தீட்டினேன். இதில் ஒரே ஒரு சட்டம்: துணி வெட்டுகிற கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது. காகிதம் வெட்டினால் கூர் போய்விடும். என் தம்பி அதில் காற்றாடிக்குக் காகிதம் வெட்டி, ஆயாவிடம் வாங்கிய குட்டு அவனுக்கு இன்றும் ஞாபகம் இருக்கும்.

நான்காவது அங்குஸ்தான். நடுவிரலில் மாட்டுகிற சின்ன உலோகத் தொப்பி. பத்து ரூபாய். "இது எதுக்கு, பொம்பளைங்க மாதிரி" என்று முதலில் மாட்டவில்லை. நாலு அடுக்கில் ஊசியைத் தள்ளித் தள்ளி ஊசியின் காது விரலில் ஏறிய பிறகு மாட்டினேன். ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடி போடாமல் கிரைண்டிங் பிடிக்கிற வீராதி வீரர்களும் இதைக் கவனிக்கவும்!

ஐந்தாவது அளவுக் கருவிகள். ஸ்டீல் ரூலும் செட் ஸ்கொயரும் நம்மிடம் உண்டு. சதுரம் வெட்ட ஒரு அச்சு வேண்டும். அட்டையில் செய்தேன். பத்துச் சதுரம் வரைவதற்குள் அட்டையின் ஓரம் தேய்ந்து, ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொரு அளவு. அப்புறம் வீட்டில் இருந்த பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டினேன். தேயவும் இல்லை, வளையவும் இல்லை. அடியில் இருக்கும் பூவும் கோடும் தெரிவதால் எந்த இடத்தை வெட்டுகிறோம் என்றும் பார்க்கலாம். குறிப்பதற்குச் சாக்பீஸ்கூட வேண்டாம். குளித்து மீந்த சோப்புத் துண்டைக் காயவைத்தால் மெல்லிய கோடு விழும், துவைத்தால் போய்விடும்.

ஆறாவது ஊக்கு. அடுக்குகள் நகராமல் இருக்க அங்கங்கே ஊக்குக் குத்த வேண்டும். இல்லையென்றால் நீளமாகக் கச்சாத் தையல் போட்டு, கடைசியில் உருவிவிட வேண்டும். நம் ஊர் உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஊக்கைத் துணியிலேயே வாரக்கணக்கில் விட்டால் கறை ஏறிவிடும், ஜாக்கிரதை!

இஸ்திரிப் பெட்டி இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் இல்லை. அடி தட்டையான சொம்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அடிப்பாகத்தால் தேய்த்தோம். தையல் மடிப்பு படிந்து உட்கார அது போதும்.

என் செலவுக் கணக்கு இதுதான்: ஊசிப் பாக்கெட் 15, நூல் நாலு கண்டு 80, அங்குஸ்தான் 10, கத்தரி சாணையோடு சேர்த்து 90, ஊக்கு 20. ஆக மொத்தம் 215 ரூபாய். துணிக்குச் செலவே இல்லை.

செலவு இல்லாத துணிதான், ஆனால் எல்லாத் துணியும் ஆகாது. ஒரு இழையை உருவி, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நுனியில் நெருப்பு வையுங்கள். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையானால் பாலியெஸ்டர். அதைத் தனியாக ஒதுக்குங்கள். வியர்வையை அது குடிக்காது. அடுத்தது சாயச் சோதனை. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துண்டை இரண்டு மூன்று தரம் தண்ணீரில் அலசிப் பாருங்கள். அப்புறமும் ஒட்டினால் விட்டுவிடுங்கள். ஒரு சிவப்புத் துண்டு போதும், முழுப் போர்வையும் ஹோலி கொண்டாடிவிடும்! எல்லாத் துணியையும் தைப்பதற்கு முன்பே துவைத்துச் சுருங்க விட்டுவிட வேண்டும். மேலே துண்டுகள், நடுவிலும் அடியிலும் பழைய பருத்திச் சேலை. அவ்வளவுதான் அடுக்கு.

என் முதல் போர்வைக்குத் திட்டம் போட்டேன். ஆறு அங்குலச் சதுரம், அகலத்தில் ஏழு, நீளத்தில் பத்து, ஆக எழுபது சதுரம். தைத்து முடித்தால் 42-க்கு 60 அங்குலம். தையலுக்கு நாலு பக்கமும் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் ஆறரை அங்குலமாக வெட்டினேன். டிராயிங் ஷீட்டில் படமே வரைந்தேன். ஆயா அதைப் பார்த்துவிட்டு, "துணிக்குப் படம் எதுக்குடா?" என்று சிரித்தார்.

சிரித்தது சரிதான். முதல் வரிசையையும் இரண்டாவது வரிசையையும் பக்கத்தில் வைத்தால் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம்! எங்கே தப்பு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒவ்வொரு சதுரமும் சரியாகத்தான் இருந்தது. தையல்தான் உள்ளே தள்ளிப் போயிருந்தது. தச்சரும் கொத்தனாரும் ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள் அல்லவா? ஒரு தையலுக்கு ஒரு நூல் தப்பினேன். பத்துச் சதுரத்துக்கு நடுவில் ஒன்பது தையல். ஒன்பது நூல் என்றால் ஒரு அங்குலமும் ஒரு நூலும். டாலரன்ஸ் கூடிக்கொண்டே போகும் என்று வகுப்பில் சார் சொன்னபோது பரீட்சைக்காக எழுதிக் கொண்டேன். துணியில்தான் அது மண்டையில் ஏறியது. அந்த வரிசை முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைக்க ஒரு வாரம் ஆனது.

ஆயா வழியில் இந்தக் கஷ்டமே இல்லை. அடியில் சேலையை விரித்து, ஓரத்தில் இருந்து துண்டு துண்டாக வைத்து, ஓரத்தை மடக்கி, நேராக எல்லா அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே நடுவுக்கு வருவார். துண்டு எந்த அளவில் இருந்தாலும் சரி. அளவும் வேண்டாம், அச்சும் வேண்டாம்.

இந்த முறை ஆயாவுக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தேன். நூலகத்தில் தேடிப் படித்தபோது ஆச்சரியம்! கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர்கள். அந்தப் பெண்கள் இதே மாதிரி ஓரத்தில் தொடங்கி நடுவில் முடிக்கிற போர்வைக்குக் கவந்தி என்று பெயர். நாலு மூலையிலும் மடித்த துணியால் பூ வைப்பார்கள். பூ வைக்காத போர்வை அவர்களுக்கு அம்மணமாகத் தெரியுமாம். வங்காளத்தில் பழஞ்சேலை அடுக்கைத் தைத்துக் காந்தா செய்கிறார்கள். சேலைக் கரையில் இருந்து உருவிய நூலாலேயே தைப்பதும் அங்கே வழக்கமாக இருந்தது. மகாராஷ்டிரத்தில் இதற்குக் கோதடி என்று பெயர்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த பேண்ட் சட்டைகளை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். அந்தப் போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் ஓவியங்கள் மாதிரி சுவரில் மாட்டப்பட்டன. அப்புறம் நியூயார்க்கிலும் காட்சிக்கு வைத்தார்கள். 2006-ல் அமெரிக்க அரசு அவற்றைத் தபால் தலையாகவே வெளியிட்டது!

அவ்வளவு தூரம் எதற்கு? நம் பக்கத்து ஆரோவில்லில், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலோரப் பெண்கள் ஆலைகளில் மிஞ்சிய துணித்துண்டுகளை வைத்துச் சின்னச் சின்னப் பொம்மைகள் தைத்தார்கள். சுனாமிகா என்று பெயர். அந்தப் பொம்மைக்கு விலை கிடையாது, அன்பளிப்பாகத்தான் கொடுப்பார்கள். மனசு உடைந்து உட்கார்ந்தவர்களை எழுப்பியது ஒரு ஊசியும் துணித்துண்டும்தான்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு நாட்டில் அருங்காட்சியகச் சுவரில் தொங்கியதை, நான் எங்கள் வீட்டுக் கொடியில் பார்த்துவிட்டு, மெஷின் துடைக்கிற வேஸ்ட் என்று சொன்னேன். அருங்காட்சியகம் ஒப்புக்கொண்டதால்தான் அது உயர்ந்தது என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் எல்லோரையும் அந்த மார்கழிக் குளிரில் தூங்க வைத்ததே, அப்போதே அது உயர்ந்ததுதான். எனக்குத்தான் கண் தெரியவில்லை. ஆயாவுக்கு இல்லை!

என் முதல் போர்வையை முடிக்க மூன்று மாதம் ஆனது. பரீட்சை நேரத்தில் தைக்கவில்லை. ஒரு ஓரம் கொஞ்சம் கோணல்தான். நாலு மூலையிலும் சித்தி மக்களைப் பார்த்து நானும் துணிப்பூ வைத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் நெருக்கமா வந்துருக்கு" என்றார். எனக்கு டிஸ்டிங்ஷன் வாங்கிய மாதிரி இருந்தது.

அடுத்த மார்கழியில் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அந்தத் திண்டிவனத்து நண்பனின் ரூமுக்குப் போனேன். அவன் வெறும் லுங்கியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவன். கையில் கொடுத்துவிட்டு, "மச்சான், அன்னைக்கு எங்க வீட்டுக் கொடியில பாத்தியே, அது வேஸ்ட் துணி இல்லடா. எங்க அம்மா தைச்ச போர்வை. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவன் போர்வையை விரித்துப் பார்த்தான். "அன்னைக்கே தெரியும்டா. எங்க வீட்லயும் இருக்குது. நீ அப்படிச் சொன்னதும் நானும் வாய மூடிட்டேன்" என்றான்.

நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு போர்வை இருக்கிறது? எத்தனை பேர் அதை மடித்து மறைத்து வைத்திருக்கிறோம்? படிக்க வந்த நாம் படிப்பை வைத்து வீட்டை அளக்கிறோம். அளவுகோலைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால், வீட்டில் உள்ளவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதும் தெரியும்.

கற்றுக்கொள்ள ஆசை உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் வீட்டுக்கு வரலாம். ஊசியும் நூலும் கொண்டு வந்தால் போதும். ஸ்டீல் ரூலை மறந்துவிடாதீர்கள். துணி இருக்கிறது, ஆயாவும் இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. அன்று டீயோடு கதவோரம் நின்ற அம்மாவிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. பல தடவை வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அம்மா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இந்த மலர் கைக்கு வந்ததும் இந்தப் பக்கத்தைப் பிரித்து அம்மா கையில் கொடுக்கப் போகிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அம்மா படித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.